வாயில்லா ஜீவன்

உயிர் உயிரைத் தின்றே வாழ்கிறது, இதுவே சிருஷ்டியின் ஆதி விதி, ஆகையால் கொல்லாமை என்பது இயற்கைக்கு மாறாக மனிதன் கற்பித்துக்கொண்ட ஓர் ஆசையே என்று வாதிப்போர் எக்காலத்திலும் உண்டு. பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் மச்ச நியாயத்தைக் காட்டி, வலியவன் எளியவனை நசுக்குவதற்கும் அவர்கள் சமாதானம் தேடுவார்கள். இவ்வாதத்தில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன: ஹிம்சை ஆதிமுதல் உள்ளது என்பது ஒன்று, ஆதிமுதல் உள்ளது எதுவோ அதுவே நமக்கு நெறி என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து ஆராய்வதற்கு, இங்கிலாந்து தேசத்து லெஸ்டர்ஷயரில், சார்ன்வுட் காட்டில் கிடைத்த ஒரு கல் பெருந்துணை புரிகிறது.

1956ஆம் ஆண்டில் பள்ளிச் சிறுமி ஒருத்தி அங்குள்ள பாறையில் இலை வடிவான பதிவொன்றைக் கண்டு தன் ஆசிரியரிடம் கூறினாள். அத்துணைப் பழைய பாறையில் உயிரின் சுவடு இருக்க இயலாது என்பது அக்காலத்தார் கொண்டிருந்த முடிபாதலால், அவள் சொல் அம்பலம் ஏறவில்லை. மறு ஆண்டு, நண்பர்களோடு பாறையேறச் சென்ற ரோஜர் மேசன் என்னும் மாணவர் அதே உருவைக் கண்டார். டிரெவர் ஃபோர்டு என்ற புவியியல் அறிஞர் 1958இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டு, காட்டின் பெயரையும் மாணவரின் பெயரையும் இணைத்து, 'சார்னியா மேசனி' என்று நாமகரணம் செய்தார். கேம்பிரியன் யுகத்துக்கு முற்பட்ட பாறைகளில் உயிர்ச் சின்னங்கள் காணப்படாமையைத் தம் பரிணாமக் கொள்கைக்கு எதிரான தக்க ஆட்சேபமென்று 1859இல் டார்வினே ஒப்புக்கொண்டிருந்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 56 கோடி ஆண்டு வயதுடைய அந்தக் கல் அவ்வாட்சேபத்துக்கு விடையளித்தது.

எரிமலைச் சாம்பல் கடலடியில் படிந்து இறுகிய அக்கல்லில், ஒரு சாண் அளவுக்கு அவ்வுரு பதிந்திருக்கிறது. அதன் நடுவே இலைக்குரிய நேரான நரம்பு இல்லை; இடமும் வலமுமாக மாறி மாறி எழும் கிளைகள் கூடுமிடம் வளைந்து வளைந்து மேலேறுகிறது; ஒவ்வொரு கிளையும் அவ்விதமே மீண்டும் சிறு கிளைகளாகப் பிரிகிறது. அடியிலே வட்டமான பிடிப்பொன்றினால் கடலடியில் ஊன்றி நின்ற இந்த ஜீவன், வெயில் எட்டாத ஆழத்தில் வாழ்ந்ததாதலின், இலையைப்போல ஒளிகொண்டு உணவு சமைத்திருக்க இயலாது. வாய் இல்லை, வயிறு இல்லை, பல்லும் நகமும் இல்லை. நீரில் வந்த நுண்ணிய சத்துகளை மேனியின் பரப்பினாலேயே ஏற்று வாழ்ந்திருக்கக்கூடும் என்றும், விலங்கினத்தின் மிகப் பழைய கிளையொன்றைச் சேர்ந்தது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உயிர்களை அறிவின் படிமுறையால் ஆறாக வகுக்கும் தொல்காப்பிய மரபியல், தொடுதலால் மட்டும் அறிவனவற்றை முதற்படியில் வைக்கிறது. சார்னியாவுக்கும் அந்த முதற்படியே உரியது எனலாம்.

இதன் உறவினங்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மிஸ்டேக்கன் பாயிண்ட் என்னும் கடற்கரைப் பாறைகளில், வாழ்ந்த இடத்திலேயே சாம்பல் மூடியபடி நெருங்கிக் கிடக்கின்றன; ஒன்றை மற்றொன்று கடித்துத் தின்றதற்கான சான்று அக்கூட்டத்தில் இல்லை. கேம்பிரியனுக்கு முற்பட்ட அந்த யுகத்தின் இறுதியில் வாழ்ந்த கிளவுடினா என்னும் சிறு குழாயுயிரின் ஓடுகள் சிலவற்றில், சீன தேசத்தில், வட்டத் துளைகள் காணப்பட்டன; அவை இரை தேடிய வேறோர் உயிர் இட்ட துளைகள் என்று அறிஞர் கொள்கின்றனர். பின்னர், 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் யுகத்தில், கொல்லும் கருவிகளும் அவற்றைத் தடுக்கும் கவசங்களும் பெருகின. நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று விழுங்குதல் இவற்றுக்கெல்லாம் முற்பட்டதென்பதை மறைக்கலாகாது. ஆயினும், பேருடல் கொண்ட உயிர்களிடையே வேட்டை என்பது ஒரு காலத்தில் தோன்றிய வழக்கமேயன்றி, உயிரோடு உடன்பிறந்த விதியன்று. முதற் கூற்று இங்ஙனம் தளர்கிறது.

இரண்டாம் கூற்றை மறுக்கையில் நாமும் மயங்கலாகாது. சார்னியா கொல்லவில்லையெனின், கொல்வதற்கு அதனிடம் கருவியும் இல்லை, எண்ணமும் இல்லை; இயலாமையை அறமென்று போற்றுதல் தகாது. பல்லும் கையும் ஆயுதமும் பெற்று, அவற்றை ஓங்கவும் அடக்கவும் வல்ல மனமும் பெற்ற பின்னர், ஓங்காதிருக்கத் துணிவதே தருமம். ஆதியில் ஹிம்சை இருந்திருப்பினும் அது நமக்குக் கட்டளையாகாது. இல்லாதிருந்தமையும் நமக்குப் புண்ணியமாகாது. கற்களிடம் நாம் கேட்கத்தக்கது எது நிகழ்ந்தது என்பதே. எது செய்யத்தக்கது என்பதற்கு ஆறாம் அறிவே விடையிறுக்க வேண்டும். அவ்வறிவைப் பெற்றவன் தன் கொடுமைக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பானாயின், அவன் சொல்வது பொய்ச் சாட்சி என்பதோடு, தன் அறிவையும் தானே துறந்தவனாகிறான்.