அக்டோபர் 21, 1987

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது குன்னூர்க்காரர்களுக்கு அது தூரத்துச் செய்தியாக இல்லை. நீலகிரித் தேயிலைத் தூளை வாங்குகிற நாடு ரஷ்யா. ஏலத்தில் விலை என்னாகுமோ என்ற கவலையோடு, தப்பு யார்மேல் என்ற வாக்குவாதமும் டீக்கடைகளில் நடந்தது. நேட்டோ சீண்டியது என்றார்கள் சிலர். எல்லை தாண்டியவன்தான் பொறுப்பு என்றார்கள் மற்றவர்கள். நானும் இவர்கள் கட்சிதான். ஆனால் இதே கேள்வியை நம் படை இலங்கைக்குப் போன 1987-ஐப் பற்றிக் கேட்க இங்கே யாருக்கும் மனம் வருவதில்லை.

இத்தனைக்கும் குன்னூரில் மலை ரயில் ஏறினால் அடுத்து வருவது வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம். அதற்கடுத்து அருவங்காடு. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தோட்டாக்களுக்கு மருந்து செய்கிற கார்டைட் பேக்டரி அங்கே இருக்கிறது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட லயங்களில் இருப்பவர்கள், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள்.

உக்ரைனையும் இதையும் ஒன்றாக வைக்க மாட்டேன். இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனே இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நம் படை போனது. ஆனால் கையெழுத்துப் போட்டது கொழும்பு; குண்டு விழுந்தது யாழ்ப்பாணத்துச் சனங்கள்மேல். விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கிய அக்டோபர் 10 அன்றே அங்கே வந்துகொண்டிருந்த ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்களை நம் படை தகர்த்தது. புலிகளின் பிரச்சாரத்தை நிறுத்தத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு நடந்ததை யார் எழுதுவது?

அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியச் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே நுழைந்தார்கள். மறுநாளுக்குள் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள், இடையில் சிக்கியவர்கள் இறந்தார்கள் என்பது நம் தரப்பு விளக்கம். பிணங்களோடு பிணமாகக் கிடந்து தப்பியவர்கள் சொன்னது வேறு: முனகல் கேட்ட இடத்தில் கையெறி குண்டு விழுந்தது.

'முறிந்த பனை' என்ற நூல் இந்தச் சாட்சியங்களைப் பதிந்திருக்கிறது. புலிகள் ஆயுதத்தோடு ஆஸ்பத்திரிக்குள் வந்ததையும் அது மறைக்கவில்லை. ஒருவர் குற்றத்தைக் காட்டி இன்னொருவர் குற்றத்தைக் கழித்துவிடாத அந்த நேர்மைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1990 மார்ச்சில் படை திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. மறுவருஷம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதோடு, ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினாலே ராஜீவ் கொலைக்கு வக்காலத்து என்றாகிவிட்டது. வெலிங்டன் பக்கத்து முன்னாள் சுபேதார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "போனதுக்கு மாலையும் போடல தம்பி, செஞ்சதுக்குக் கணக்கும் கேக்கல." அங்கே செத்த நம் சிப்பாய்களே சுமார் 1,200 பேர்.

சுட்ட சிப்பாய்க்குப் பொறுப்பு உண்டு. அனுப்பியவர்களுக்கு அதைவிட அதிகம். அருவங்காட்டில் மருந்து கலந்த தொழிலாளியைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்கிற உரிமை அவருக்கும் எனக்கும் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் எந்தப் பிரிவு உள்ளே போனது, உத்தரவு கொடுத்தது யார் என்ற ராணுவப் பதிவுகளை டெல்லி வெளியிட வேண்டும். அங்கே செத்த நர்சுகளின் பிள்ளைகளுக்கு இப்போது நடுவயது ஆகியிருக்கும்.