காத்திருந்தால் வரும் பதில்

பெருமூளையின் இரு பாதிகளும் ஏறக்குறைய இல்லாமலேயே பிறக்கும் குழந்தைகள் உண்டு. அந்த நிலைக்கு ஹைட்ரனென்செஃபலி என்று பெயர். மண்டைக்குள் பெரும்பகுதி நீர்தான். அடியில் உள்ள மூளைத்தண்டு மட்டும் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் உறைக்காது என்பது மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவிய எண்ணம்.

*

2004 அக்டோபரில், சுவீடனைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் பியோர்ன் மெர்க்கர், இத்தகைய குழந்தைகளின் ஐந்து குடும்பங்களோடு ஒரு வாரம் டிஸ்னி வேர்ல்டில் இருந்தார். ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லவில்லை. பிள்ளைகள் அம்மா அப்பாவோடு இருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். சத்தம் வந்த பக்கம் பிள்ளைகள் திரும்பினார்கள். பிடித்ததற்குச் சிரித்தார்கள். பிடிக்காதபோது முதுகை வளைத்துச் சிணுங்கினார்கள்.

2007இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் ஒரு படம் இருக்கிறது. மூன்று வயதுச் சிறுமியின் கைகளில் தம்பிப் பாப்பாவை வைத்துப் பெற்றோர் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவள் முகம் மலர்ந்திருக்கிறது. அதை வெறும் அனிச்சை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

*

அதற்கு முன்பே, 1999இல், நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷ்யூமனும் உடன் ஆய்ந்தவர்களும் நான்கு பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். பெருமூளைப் புறணி அநேகமாக இல்லாத பிள்ளைகள். ஆனாலும் வீட்டாரையும் அந்நியரையும் பிரித்தறிந்தார்கள். இசையில் விருப்பு வெறுப்பு இருந்தது.

இவனுக்கு எதுவும் தெரியாது என்று முடிவுகட்டினால் யாரும் பேச மாட்டார்கள், மடியில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பிள்ளை ஒடுங்கிப்போகும். பிறகு பார்த்தால் முதலில் சொன்னதே மெய்யென்று தோன்றும். அந்தக் கட்டுரையின் எச்சரிக்கை இதுதான். பல வருடங்களாக என்னை விடாமல் துரத்துகிறது.

*

மூளை பாதிக்கப்பட்டு, பேச்சில் பதில் சொல்ல முடியாத மற்றப் பிள்ளைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். குக்கர் விசிலுக்கு உடம்பெல்லாம் தூக்கிப்போட, விறைத்துப்போகும் பிள்ளைகள் உண்டு. முன்னதாகவே தோளில் கை வைத்து, "விசில் வரப்போகுதுடா கண்ணா" என்று சொல்லிவிடும் அம்மாக்களும் உண்டு.

கை கால் ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை அப்பாவின் குரல் கேட்டதும் அசைவற்றுப் போனால், கவனித்துக் கேட்கிறது என்று கொள்ளலாம். கண் நன்றாக இருந்தும் மூளைப் பாதிப்பால் பார்வை குன்றிய பிள்ளைகள், பொம்மையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. பார்ப்பதும் கேட்பதும் ஒருசேர முடியாமல் இருக்கலாம். நாம் பேச்சை நிறுத்திக் காத்திருந்தால், தாமதமாகவேனும் கண் அந்தப் பக்கம் வரக்கூடும். அந்தத் தாமதத்துக்குள் நாம் எழுந்து போய்விடுகிறோம்.

*

வலியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். ஓயாத அழுகை, தலையில் அடித்துக்கொள்ளுதல்: "அவன் எப்பவும் அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடும். பல்வலியாக இருக்கலாம். மலச்சிக்கல், எதுக்களிப்பு, இடுப்பு மூட்டு விலகல், எல்லாம் இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பவை.

மருத்துவமனைகளில் ஃபிளாக் என்றொரு வலி அளவுகோல் உண்டு. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். 2006இல் வந்த திருத்திய வடிவத்தில், தம் பிள்ளைக்கே உரிய வலிக்குறிகளைப் பெற்றோர் சொல்லிச் சேர்க்க இடம் தந்தார்கள். வலித்தால் ஒரு பிள்ளை அலறும், ஒன்று அடங்கிப்போகும். எந்தப் பிள்ளை எப்படி என்பது இரவெல்லாம் கூட இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் சொல் அளவுகோலுக்குள் ஏறியது பெரிய நியாயம்.

ஆனால் பிள்ளையின் குறிகளை அன்பும் தவறாகப் படிக்கலாம். சிலவகை வலிப்பிலும் சிரிப்பு வரும். ஆகவே சிரிப்போ அழுகையோ எப்போது, எதற்குப் பின், எவ்வளவு நேரம் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது.

*

மருத்துவர்களுக்கு: "இவன் இன்னிக்குச் சரியில்ல டாக்டர்" என்று அம்மா சொன்னால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். உறவினர்களுக்கு: பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பிள்ளையைத் தொடுங்கள். "இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அதன் காதுபடச் சொல்லாதீர்கள்.