செய்தியின் ஆடை அணிந்த விளம்பரம்



முதுமையினால் கண் மங்கிப்போன ஈசாக்கு, தம் மூத்த மகனுக்கு ஆசீர் அளிக்கக் காத்திருந்தார். இளையவனான யாக்கோபு அண்ணனுடைய உடையை உடுத்து, ஆட்டுக்குட்டித் தோலைக் கைகளில் சுற்றிக்கொண்டு அவர் முன் வந்தான். குரலைக் கேட்டபோது கிழவருக்கு ஐயம் எழுந்தது. ஆனால் கையைத் தடவிப் பார்த்தார், உரோமம் தட்டுப்பட்டது, நம்பிவிட்டார். மூத்தவனுக்குரிய ஆசீர் கைமாறிப் போயிற்று. ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில் உள்ள இந்நிகழ்ச்சியை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அதே தோல் இன்று வேறோர் இடத்திலும் போர்த்தப்படுகிறது. குதிரைப் பந்தயப் பத்திரிகைகளிலும் இணையப் பக்கங்களிலும் கட்டுரை போல் வரும் விளம்பரங்களைத்தான் சொல்கிறேன்.

“குதிரைப் பந்தயத்துக்கும் பிரசங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டுப் பந்தயக் கடைகளில், இங்கிலாந்திலே ஓடுகிற குதிரைகளின் மேலும் பணம் கட்டப்படுகிறது. கட்டுகிறவர் அந்தக் குதிரையைக் கண்டதில்லை. அந்த மைதானத்தில் கால் வைத்ததில்லை. யாரோ எழுதியதை நம்பித்தான் கட்டுகிறார். கண் தெரியாத ஈசாக்கைப் போல, தடவிப் பார்த்து முடிவு செய்கிறார்.

சில காலத்துக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். குடும்பத் தலைவர் கூலி வேலை செய்கிறவர், குடிப்பழக்கம் இல்லாதவர். ஆனால் மனைவியின் காப்பு அடைவு கடையில் இருந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் தொலைபேசியில் ஆங்கிலத்தில் வருவதை வாசித்துச் சொல்ல, அவர் ஒரு கொப்பியில் குதிரைகளின் பெயர்களை எழுதிவைப்பாராம். “இது விளம்பரத்தை நம்பிச் செய்கிற வேலை இல்லை, சுவாமி. விளம்பரம் என்றால் பெட்டி கட்டி, கலர் போட்டு வரும். இது கட்டுரை. எழுதினவர் குதிரை பழக்குகிற பெரிய ஆள்” என்றார். அந்தப் பக்கத்தை அடிவரை வாசித்துப் பார்க்கும்படி பையனிடம் சொன்னேன். கடைசியில், பொடி எழுத்தில், எழுதியவர் ஒரு பந்தய நிறுவனத்திடம் சம்பளம் வாங்குகிறவர் என்றிருந்தது. அதற்குக் கீழே அந்த நிறுவனத்தில் கணக்குத் திறப்பதற்கான பொத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தகப்பன் விளம்பரத்தைக் கண்டு மயங்குகிற மனிதர் அல்லர். விளம்பரம் என்று தெரிந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். விளம்பரம் அல்ல என்று எண்ணியபடியால்தான் நம்பினார். எச்சரிக்கையுள்ள மனிதனின் எச்சரிக்கையைக் களவாடுவதற்காகவே அந்த மாறுவேடம்.

பந்தயப் பத்திரிகை எழுதுவது முழுவதும் பொய்த் தொழில் என்று நான் சொல்லவில்லை. இலண்டனில் 1859-இல் தொடங்கி 1998 வரை அச்சில் வந்த ‘ஸ்போர்ட்டிங் லைஃப்’, 1986 முதல் வரும் ‘ரேசிங் போஸ்ட்’ போன்ற ஏடுகள், குதிரையின் வயது, சுமக்கும் நிறை, ஓட்டுபவர், பழக்குபவர், முந்திய ஓட்டங்கள், தரையின் ஈரம் ஆகியவற்றையெல்லாம் திரட்டித் தந்து பெயர் பெற்றவை. அவ்வாறு திரட்டுவது உழைப்பு. விளம்பரமும் தன்னளவில் பாவமன்று. சந்தையில் மீன் விற்கிறவள் தன் மீனைப் புகழ்ந்து கூவுகிறாள், அவள் வியாபாரி என்பது நமக்குத் தெரியும், பார்த்து வாங்குகிறோம். ஆனால் அவளே அயல்வீட்டுக்காரி போல் நம் வாசலுக்கு வந்து, “அந்தக் கடை மீன்தான் நல்லது, நான் சொல்கிறேன்” என்றால்? அங்கே விலைபோவது மீன் மட்டுமல்ல. அயலார் மேல் நாம் வைத்த நம்பிக்கையும் விலைபோகிறது.

பணம் போகும் வழியையும் அறிந்துகொள்வோம். சமபலமுள்ள இரண்டு குதிரைகள் மட்டும் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றின் மேல் 100 ரூபா, இன்னொருவர் மற்றதன் மேல் 100 ரூபா கட்டுகிறார்கள். வென்றவருக்கு அவர் கட்டிய பணத்தோடு 90 ரூபா சேர்த்துக் கொடுத்தால், எந்தக் குதிரை வென்றாலும் பந்தயக்காரரின் பெட்டியில் 10 ரூபா மீதி. கணக்கு முன்பே போடப்பட்டிருக்கிறது. இணையத்தில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. கட்டுரையின் அடியிலுள்ள இணைப்பு வழியாக ஒருவர் கணக்குத் திறந்தால், அவரை அனுப்பிவைத்த பக்கத்துக்குத் தரகு கிடைக்கும். பல ஒப்பந்தங்களில் அந்தத் தரகு, அவர் பின்னர் தோற்கும் பணத்தில் இத்தனை வீதம் என்று கணக்கிடப்படுகிறது. இதை விளக்கியபோது அந்தப் பையன் கேட்டான்: “அப்ப, சுவாமி, அப்பா தோற்றால்தான் இதைச் சொல்லித் தந்தவருக்கு இலாபமா?” தகப்பன் தலை குனிந்தார்.

உலகச் சட்டங்களும் இந்த வேடத்தைக் குற்றமாகவே கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1912-லேயே, தபால் சலுகை பெறும் பத்திரிகைகள் காசு வாங்கி வெளியிடும் வாசகத்தின் மேல் ‘விளம்பரம்’ என்று அச்சிட வேண்டும் எனச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பிரித்தானியாவின் 2008-ஆம் ஆண்டு விதிகள், காசு கொடுத்து எழுதுவித்ததை மறைத்து ஆசிரியர் பகுதி போல் வெளியிடுவதைத் தடைசெய்தன; 2024-இல் வந்த சட்டமும் அத்தடையைத் தொடர்கிறது. ஆயினும் வேடம் ஓயவில்லை. 2017-இல் அந்நாட்டின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஒரு விளம்பரத்தைக் கண்டித்தது. அது குதிரைப் பந்தயத்துக்கல்ல, இணையச் சூதாட்டத்துக்கானது; ஆனால் தந்திரம் ஒன்றே. மனைவியின் நோயினால் கடனாளியான ஒருவர் சூதாடி வென்று கடன் தீர்த்தார் என்று, செய்தி போலவே அது எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் தரகர்களே என்று சூதாட்ட நிறுவனங்கள் தப்ப முடியவில்லை. பொறுப்பு அவர்களுடையதே என்று அவ்வமைப்பு தீர்ப்பளித்தது. கடனில் தவிக்கிறவனின் கண்ணீரையே தூண்டிலில் இரையாகக் கோத்தார்களே!

திருச்சபை இதில் என்ன போதிக்கிறது? 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலின் 2413-ஆம் எண், பந்தயம் தன்னிலேயே நீதிக்கு மாறானதன்று என்கிறது. ஆனால் ஒருவன் தன் தேவைக்கும் தன்னை நம்பியிருப்போரின் தேவைக்கும் வேண்டியதை அதில் இழக்கும்போது அது ஏற்கத்தகாததாகிறது என்றும் கூறுகிறது. அடைவு கடைக் காப்பு அந்த எல்லையைத் தாண்டியதன் அடையாளம் அல்லவா? 1997-இல் பாப்பரசரின் சமூகத் தொடர்புக் கழகம் விளம்பரத்தின் அறநெறி பற்றி வெளியிட்ட ஏடு, உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றையும் அடிப்படையாக வைத்தது. பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கற்பனை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு வரியும் உண்மையாய் இருந்தும், பேசுகிறவன் யார் என்பதை மறைத்தால் அதுவும் பொய்ச்சாட்சியே. யாக்கோபின் கையிலிருந்த உரோமம் உண்மையான உரோமம்தான். ஆனால் அது அவனுடையது அன்று.

நம்மையும் சோதித்துக்கொள்வோம். தரகு கிடைக்கும் என்பதை மறைத்து ஒரு காணியை, ஒரு வரனை, ஒரு வெளிநாட்டு முகவரை உறவினருக்குப் புகழ்ந்து சொல்லியிருக்கிறோமா? அப்படியானால் அந்தத் தோலை நாமும் சுற்றியிருக்கிறோம். பேனா பிடிக்கிற எங்களுக்கும் இக்கேள்வி உண்டு.

உங்கள் வீட்டில் எந்தப் புகழ்ச்சியை வாசித்தாலும் மூன்று கேள்விகளைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். எழுதியவர் யார்? அவருக்குக் காசு கொடுத்தவர் யார்? நான் இழந்தால் யாருக்கு ஆதாயம்? பந்தயத்தில் சிக்கியிருக்கும் தகப்பனையோ சகோதரனையோ ஏசித் துரத்தாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பக்கத்தை அடிவரை சேர்ந்து வாசியுங்கள்.

ஈசாக்கின் காது அவரை ஏமாற்றவில்லை. குரல் வேறு என்று அது சொல்லிற்று. அவர் காதைத் தள்ளிவிட்டுக் கையை நம்பினார். நமக்கும் உள்ளே அந்தச் சிறு ஐயம் எழும்போது அதை அடக்கிவிடாமல் கேட்போம். நல்ல ஆயனின் குரலை ஆடுகள் அறியும் என்றார் நம் ஆண்டவர். அந்த ஆயன் ஆடுகளின் இழப்பில் பங்கு கேட்பவர் அல்லர். அவற்றுக்காகத் தம் உயிரையே கொடுத்தவர். அவருடைய உண்மை நம் குடும்பங்களைக் காப்பதாக. ஆமென்.