அஜல் எழுதப்பட்டதுதான், அதற்காக ஆழியாற்றில் குதிக்கலாமா?





பெருநாள் முடிந்தால் நம் பொள்ளாச்சி வாலிபர்கள் வேன் பிடித்து ஆழியாறு கிளம்பிவிடுவார்கள். ஒரு தம்பியிடம், "அணைக்குள்ள இறங்காதேப்பா" என்றேன். "ஹஸ்ரத், மவுத்து எழுதின நேரத்துலதானே வரும்? தண்ணியில போனாலும் ஷஹீத்தானே?" என்று சிரித்தார்.

இரண்டும் உண்மை. ஆனால், இரண்டையும் தவறான இடத்தில் வைத்துவிட்டார்.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியதை அறிந்து திரும்ப முடிவெடுத்தார்கள். விதியை விட்டு ஓடுவதா என அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்று உமர் (ரலி) விளக்கினார்கள். தண்ணீர் மூழ்கடிப்பது கத்ர் என்றால், லைஃப் ஜாக்கெட் மிதக்க வைப்பதும் கத்ர்தான். அஜல் நமக்கு மறைவானது. தம்மைத் தாமே அழிவில் போடக் கூடாது என்ற அல்பகரா 195ஆம் வசனத்தின் கட்டளையோ தெளிவானது.

நீரில் மூழ்கியவர் ஷஹீத் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆறுதல். குதிக்கப் போகிறவருக்கு அனுமதிச் சீட்டு அல்ல.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி நீர்த்தேக்கத்தில் ஜலகன்னிகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. ஆழியாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. தோட்டத்துக் கிணற்றில் பழகிய நீச்சலை நம்பி அங்கே இறங்காதீர்கள். முழங்கால் ஆழத்தில் நிற்பவர் அடுத்த எட்டில் மூழ்கலாம். சேறு காலைப் பிடிக்கும்.

தொழுதுகொண்டிருப்பவர்கூட, மூழ்குபவரைக் காப்பாற்ற முடியுமானால் தொழுகையை முறிக்க வேண்டும் என்கிறது ஃபிக்ஹ். அத்தனை மதிப்புள்ள உயிரை ஒரு செல்ஃபிக்காகப் பணயம் வைக்கலாமா?

தடை செய்த இடத்தில் இறங்காதீர்கள். படகில் ஜாக்கெட்டை முறையாகக் கட்டுங்கள், எழுந்து நிற்காதீர்கள். யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ, துண்டோ, காலி கேனோ வீசுங்கள். ஒரு ஜனாஸா இரண்டாகிவிடக் கூடாது.

பெற்றோர்களே, வாசலில் காத்திருப்பது நீங்கள்தான். பிள்ளைகள் கிளம்பும் முன் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக! ஆமீன்.