யாரைக் காக்கிற சாமி?

"காப்பாத்து சாமி"ன்னு வேண்டும்போது யாரை, யார்கிட்டேயிருந்துன்னு நாம யோசிக்கிறதில்ல. ஜப்பான்ல ஒரு ஷிந்தோ கோயிலோட வரலாறு படிச்சதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

1869-ல் மெய்ஜி அரசு வடக்குத் தீவான எஸோவுக்கு ஹொக்கைடோன்னு பேர் மாத்தி, குடியேற்றத்துக்குன்னு தனித் துறை ஆரம்பிச்சது. புது நிலத்துக்குக் காவலா மூணு தெய்வங்களையும் தேர்ந்தெடுத்தாங்க. ஷிமா யோஷிதாகேங்கிற அதிகாரி அந்தத் தெய்வங்களை முதுகில் சுமந்து சப்போரோவுக்குக் கொண்டு போனார். அதுதான் இன்றைய ஹொக்கைடோ ஜிங்கு கோயில்.

1875-ல் பக்கத்துல கொடோனியில் முதல் போர்வீரர்-விவசாயி குடியிருப்பு வந்தது. வந்தவங்கள்ல பலர் உள்நாட்டுப் போரில் தோத்த பக்கத்து சாமுராய் குடும்பங்கள். நிலம் போய், மானம் போய், பனிக்கும் கரடிக்கும் நடுவுல காடு வெட்டினவங்க. அவங்களுக்கு ஒரு சாமி கட்டாயம் வேணும். அந்த பக்தியை நான் கேலி பண்ணவே மாட்டேன்.

ஆனா அந்த நிலம் காலியா இல்ல. அங்கே ஐனு மக்கள் காலங்காலமா இருந்தாங்க. சப்போரோங்கிற பேரே அவங்க மொழியிலிருந்து வந்ததுதான்! அவங்களுக்கும் ஊர்க்காவல் தெய்வம் உண்டு: ஆத்துல மீன் பிடிக்கிற ஒரு பெரிய ஆந்தை. காடு வயலாச்சு. அவங்க உயிர்ச்சோறான சால்மன் மீனை ஆத்துல பிடிக்கத் தடை வந்தது. 1899-ல், வேட்டையாடி வாழ்ந்தவங்களை விவசாயியாக்க ஒரு சட்டம் போட்டாங்க. அதோட பேர்லயே 'பாதுகாப்பு'ன்னு இருந்தது. 1997 வரை அது அமலில் இருந்தது.

எங்க வேலையில எதைக் கட்டினாலும் "யூசர் யார்?"னு முதல்ல எழுதுவோம். அந்த வரியில் இல்லாதவங்களை யாரும் நினைச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க. 1869-ல் அரசு எழுதின வரியில் ஐனு இல்ல. சாஃப்ட்வேருக்கு அப்படி எழுதலாம், சாமிக்கு எழுத முடியுமா? வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் காக்க ஒரு வாட்ச்மேன் போதுமே.

"அரசு செஞ்சதுக்கு சாமி என்ன பண்ணும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். குடியேறின விவசாயி மனசார வேண்டினது பொய்யாகாது. ஆனா அவர் வேண்டுதல் பலிச்ச ஒவ்வொரு ஏக்கரும் இன்னொருத்தரோட காடு. அதைத் தெரிஞ்சுகிட்டே அவர் அந்த சன்னதியில் நின்னிருந்தா, என்ன கேட்டிருப்பார்?

அதே வளாகத்துல நிலம் திருத்தின 37 முன்னோடிகளுக்கும் ஒரு சின்னக் கோயில் இருக்கு, 1938-ல் வந்தது. ஷிமாவும் இப்போ அங்கே தெய்வம். அந்த ஆந்தை மட்டும், பெரிய மரப்பொந்தும் மீனும் குறைஞ்சுபோய், அழியும் நிலையில இருக்கு.