சிவனுக்கு அரைப் பேர்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் டிஷ் பூட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களில் பெரும்பாலும் டீவியும் சாமிப் படங்களும் ஒரே மேசையில்தான் இருக்கும்; ரிமோட்டிலும் விபூதி ஒட்டியிருக்கும். சிக்னல் பார்க்கப் புராணத் தொடர் ஓடும் சானலைப் பிடித்துவிட்டால் போதும், தேத்தண்ணியோடு விமர்சனமும் வந்துவிடும். இந்தக் கிருஷ்ணர் ரொம்பச் சிரிக்கிறார், அந்த முருகனுக்கு முடி சரியில்லை என்பார்கள். யாரும் கண்ணால் காணாத தெய்வத்துக்கு இந்த முகம் பொருந்தும், அது பொருந்தாது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. அடி விழுந்தால் இந்தச் சாமிக்கு வலிக்குமா என்று பார்ப்பேன். இப்போதைய தொடர்ச் சாமிகளுக்கு வலிக்காது. வானத்தில் அம்புகள் மோதும், ஆளாளுக்கு முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள், கிரீடம் கூட அசையாது.

ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ 1965இல் வந்த படம். பரஞ்சோதி முனிவர் பாடிய 64 விளையாடல்களில் சிலதைத்தான் அவர் எடுத்தார். சிவனாக நடிக்கும் சிவாஜி விறகு விற்க வருகிறார், வலை வீசுகிறார், எல்லாம் சரி. பிட்டுக்கு மண் சுமந்ததை விட்டுவிட்டாரே என்பதுதான் என் மனக்குறை. வைகைக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது பாண்டியன் கட்டளை. ஆளில்லாத பிட்டுக்காரி வந்திக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சிவன் கூடை எடுக்கிறார். எடுத்தவர் ஒழுங்காக வேலை செய்தாரா? ஆடினார், பாடினார், தூங்கினார். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி கூடப் போட்டிருக்க மாட்டார்.

பக்கத்து மலை லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். அந்தக் காலத்திலிருந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று பேர் வாங்கும் சனத்துக்குக் கூலிக்காரச் சிவன் சொந்தக்காரர் மாதிரி என்று ஒருநாள் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர்.

“ஒருநாள் கூலிக்கு வந்தவரு, பொழுது சாஞ்சா கைலாசம். நமக்கு எங்கடா கைலாசம்?”

சைவமும் அத்தை பக்கம்தான் நிற்கிறது. சிவனுக்குப் பிறப்பே இல்லை என்கிறது அது. ராமரைப் போல ஒரு தாய் வயிற்றில் பிறந்து, பதினாலு வருசம் காட்டில் அலைந்தவர் அல்ல. எடுத்த உருவத்தை எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம். கலைக்க முடிந்தவனின் கஷ்டம் கஷ்டமா, வேஷமா?

ஆனால் கதையில் பிரம்படி ஒன்று இருக்கிறது. வேலை செய்யாத கூலிக்காரச் சிவனைப் பாண்டியன் அடித்த அடி, அடித்தவன் முதுகிலும், அரண்மனைப் பெண்கள் முதுகிலும், ஊரார் முதுகிலும் விழுகிறது. வேஷக்காரன் வாங்கும் அடி பார்க்கிறவன் முதுகில் தடிக்காது. எல்லா உயிரிலும் இருக்கிறவன் என்றால், அவனை மட்டும் தனியாக அடிக்க முடியாது. நான் இதை அத்தையிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“கங்காணி நம்மாளுகளப் பிரம்பால அடிச்சாரே, அப்ப தொர முதுகு தடிச்சுதா?”

இதற்குப் பதில் சொல்லக்கூடிய சாமியார் யாரையும் நான் இன்னும் எந்தச் சானலிலும் பார்க்கவில்லை. அந்த ஒரு பிரம்படி நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மற்ற அடிகளெல்லாம் ஏன் திரும்பவில்லை என்பது அப்படியே நிற்கிறது. கர்மவினை என்று சிலர் சுலபமாக முடிப்பார்கள். அடி வாங்கியவனையே குற்றவாளியாக்கும் பதில் அது, எனக்கு ஒத்துவராது.

இவ்வளவு கேட்கும் அத்தை நாத்திகர் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு தவறாது. மாசியில் காமன் கூத்து நடந்தால் முன்வரிசையில் இருப்பார். காப்புக் கட்டி விரதமிருந்து ஆடுகிறவர்கள் முன்னால், மன்மதனை எரித்த சிவனையும் கும்பிடுவார், ரதியோடு சேர்ந்து அழவும் செய்வார். தொடர்களில் இதற்கு இடமில்லை. யார் பக்கம் அழ வேண்டும் என்பதைப் பின்னணி இசையே முடிவு செய்துவிடுகிறது.

அதனால்தான் ‘திருவிளையாடல்’ படத்தில் எங்கள் வீட்டில் சத்தம் கூட்டி வைப்பது சிவாஜிக்காக அல்ல. ஆயிரம் பொற்காசுக்காக, ஏழைப் புலவராக வரும் நாகேஷ் கோயிலில் தனியாகப் புலம்பும்போது அத்தை சிரிப்பார். பிறகு நக்கீரர் சபையில் எழுந்து சிவனிடமே உன் பாட்டில் பிழை என்று சொல்லும்போது சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்வார். படம் முழுக்கச் சிவனைக் கொண்டாடிய நாகராஜன், தான் நடிக்க எடுத்துக்கொண்டது அந்த நக்கீரர் வேஷத்தைத்தான்.