எச்சரிக்கை யார் பொறுப்பு?

பூஞ்சைத் தொற்றுக்கு விழுங்கக் கொடுக்கும் மாத்திரைகளின் குறிப்புத்தாளில் பெண்களுக்கென்று சில வரிகள் இருக்கும். கருவுற்றிருந்தால் சொல்லுங்கள், கருவுறும் வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள், பாலூட்டினால் சொல்லுங்கள். படர்தாமரைக்காக இட்ராகோனசோல் எடுத்துக்கொண்ட வாரங்களில் அந்த வரிகளைப் பலமுறை படித்தேன். ‘சொல்லுங்கள்’ என்கிறார்களே, யாரிடம் சொல்வது, எந்த இடத்தில் சொல்வது, கேட்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகள் அப்போதுதான் எனக்குள் எழுந்தன.

இந்த எச்சரிக்கைகள் அவசியமானவை. அந்தக் காப்சூலைச் சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும்; வயிற்றெரிச்சலுக்கான மருந்தோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு சேர்த்து எடுக்கவே கூடாது. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, காரணமில்லாமல் சோர்வும் குமட்டலும் வந்தாலோ கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து எடுக்கும் காலத்தில் மட்டுமின்றி, முடித்த பிறகும் சிறிது காலம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இதையெல்லாம் நான் கடைப்பிடித்தேன். நீங்களும் கடைப்பிடியுங்கள்.

ஆனால் மருத்துவர் என்னிடம் கேட்டது, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று மட்டும்தான். இல்லை என்றேன். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். நம் ஊரில் கருவுற்றிருக்கிறாயா என்பதற்கான இடக்கரடக்கல் இது. மணமானவள் என்றால் எந்நேரமும் கருவுறக்கூடியவள், மணமாகாதவள் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மரியாதைக்காகக் கேட்கப்படும் இந்தக் கேள்வி, யாருக்கு அந்த எச்சரிக்கை மிகவும் தேவையோ அவளைத்தான் கைவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? ‘இல்லை’ என்பாள். அது உண்மையும்கூட. மாத்திரையும் அவள் கைக்கு வந்துவிடும். பிறகு ஏதாவது நேர்ந்தால், சொல்லாமல் மறைத்தது அவள் குற்றமாகும்.

வெள்ளைப்படுதலுக்கு வருவோம். பூஞ்சையால் வரும் அரிப்புக்கும் வெள்ளைப்படுதலுக்கும் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மாத்திரை ஒன்றே ஒன்று எழுதித் தருவது வழக்கம். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம், பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையோ களிம்போ ஏழு இரவுகள் போதும் என்கின்றன மருத்துவ வழிகாட்டல்கள். காகிதத்தில் இது எளிய மாற்று. ஒற்றை அறை வீட்டில், மாமியாரும் குழந்தைகளும் வரிசையாகப் படுத்திருக்கும் இடத்தில், தாழ்ப்பாள் உள்ள கதவே இல்லாதவளுக்கு ஏழு இரவுகள் என்பது என்ன? ஒரு மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் விழுங்கிவிடலாம். பாதுகாப்பான மருந்துக்கு ஓர் அறை வேண்டும். அந்த அறையைப் பற்றி எந்தக் குறிப்புத்தாளும் பேசுவதில்லை.

எச்சரிக்கை என்றால் பெண்ணிடம் ‘கவனமாக இரு’ என்று சொல்வது மட்டும்தானா? 1960இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் ஃப்ரான்சிஸ் கெல்சி என்ற மருத்துவரின் மேசைக்குத் தாலிடோமைடு வந்தது. நிறுவனம் மீண்டும் மீண்டும் நெருக்கியும், கொடுத்த சான்றுகள் போதாது என்று அவர் அனுமதி தர மறுத்தார். அந்த மருந்து விற்பனையில் இருந்த நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தன. கெல்சி கர்ப்பிணிகளிடம் கவனம் கேட்கவில்லை, தயாரித்தவர்களிடம் சான்று கேட்டார்.

அதே நிர்வாகம் 1977இல் வேறு வழியில் போனது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கியது. கருத்தடை செய்துகொண்டிருந்தவர்களும் தனியாக வாழ்ந்தவர்களும்கூட அந்த விலக்கில் அடங்கினார்கள். 1993இல்தான் அது மாறியது. கர்ப்பிணிகள் பெரும்பாலான சோதனைகளில் இன்றும் சேர்க்கப்படுவதில்லை. கருவைக் காக்கத்தானே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் விலக்கியதால் சோதனை நின்றுவிடவில்லை. கண்காணிப்பு உள்ள இடத்திலிருந்து வீட்டு அடுப்படிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஃப்ளூகோனசோலை நாள்தோறும் 400 முதல் 800 மி.கி. வரை கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் நீண்ட நாள் எடுத்தால் பிறவிக் குறைபாடு வரக்கூடும் என்ற அறிவிப்பு 2011இல் வந்தது. அதை எடுத்த கர்ப்பிணிகளிடையே கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாக டென்மார்க் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் சொன்னது. இவையெல்லாம் ஏற்கெனவே விழுங்கிவிட்ட பெண்களின் உடல்களிலிருந்து திரட்டிய அறிவு.

ஆணுக்கு எச்சரிக்கையே இல்லையா? இருக்கிறது. படர்தாமரைக்குக் கொடுக்கும் பழைய மருந்தான கிரிசியோஃபுல்வினை எடுக்கும் ஆண், மருந்தை முடித்து ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தந்தையாகக் கூடாது. பெண்ணுக்கு அதுவே ஒரு மாதம். அது கருத்தடை மாத்திரையின் வேலையையும் கெடுக்கக்கூடியது. அரிப்போடு மருந்துக்கடைக்கு வரும் எந்த ஆணிடமாவது, “கல்யாணம் ஆயிடுச்சா சார்?” என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் காத்திருக்க வேண்டியவர் அவர். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவளாக இருப்பவள் அவர் மனைவி.

ஒருவரிடம் ஒரு கடமையைக் கேட்கும்போது, அதைச் செய்வதற்கு வேண்டியதையும் கொடுக்க வேண்டும். அறத்தில் இது முதல் பாடம். தமிழில் அச்சிடாத குறிப்புத்தாள், அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை கத்தரித்துக் கொடுக்கும்போது அதுவும் கிடைக்காத நிலை, நாலு பேர் நிற்கும் கடைவாசலில் உரத்துக் கேட்கப்படும் கேள்வி. இவற்றை வைத்துக்கொண்டு பெண்ணிடம் மட்டும் பொறுப்பை எதிர்பார்ப்பது, பழியை முன்கூட்டியே பங்கிட்டு வைப்பதுதான்.

ஆகவே மருத்துவரிடம் நாம் கேட்கலாம்: “கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா?” கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், “கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கான்னு கேக்குறீங்களா?” என்று திருப்பிக் கேட்கலாம். ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். கடையில் முழு அட்டையும் குறிப்புத்தாளும் வேண்டும் என்று சொல்லலாம். இவை நம் பங்கு. மீதிப் பங்குக்காரர்கள் மருந்தைச் செய்தவர்கள், எழுதியவர்கள், விற்றவர்கள், அதை விழுங்கும் ஆண்கள். அவர்களிடமும் அதே குரலில் கேட்போம்.